கால்நடை மருத்துவத்தின் இறுதித் தேர்வு: லியோனிலிருந்து வேப்பேரி வரை

கால்நடை மருத்துவக் கல்வியில் இறுதித் தேர்வு என்பது கடைசியாகப் படித்த பாடத்துக்கான தேர்வு அல்ல. வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டை முன்னால் நிறுத்தி என்ன செய்வாய் என்று தேர்வாளர் கேட்டால், இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் குழல் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று மாணவர் சொல்லிவிடுவார். அது கடைசி ஆண்டுப் பாடம். ஏன் இடப்பக்கம் என்ற அடுத்த கேள்விக்கு விடை முதலாண்டு உடற்கூற்றியலில் இருக்கிறது: அசைபோடும் விலங்கின் பெருவயிறு அந்தப் பக்கத்தை நிறைத்துக்கொண்டு கிடக்கிறது. குதிரைக்கு வயிற்று வலி என்றால் கணக்கே வேறு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதற்குப் பித்தப்பையும் கிடையாது. சைலசீன் என்ற மயக்க மருந்து குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். மனிதர் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் பூனையின் உயிரைப் பறித்துவிடும். ஒரே உயிரினத்தைப் படித்து முடிக்கும் மருத்துவ மாணவருக்கு இந்தச் சுமை இல்லை.

ஆகவே படித்த அனைத்தையும் ஒன்றுசேர்த்து ஒரே நேரத்தில் சோதிக்கும் வழக்கம் இந்தத் தொழிற்கல்வியோடு சேர்ந்தே பிறந்தது. அதை எப்படி நடத்துவது, ஒரே மூச்சிலா பல கட்டங்களாகவா என்பது பற்றி இரண்டரை நூற்றாண்டுகளாக வாதம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், கடுமையான சண்டைகள் கேள்வித்தாளைப் பற்றி நடக்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியே நடந்திருக்கின்றன.

முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1761இல் அரசாணை பெற்று 1762இல் திறக்கப்பட்டது. நிறுவியவர் கிளாட் பூர்ஜலா. வழக்கறிஞராகப் பயின்றவர், குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். மாட்டு வெக்கை நோய் ஐரோப்பா முழுதும் மந்தைகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1765இல் பாரிசுக்கு அருகே ஆல்ஃபோரில் இரண்டாவது பள்ளி உருவானது. இந்தப் பள்ளிகளில் தேறியவர்களுக்கு அரசரின் பெயரால் உரிமைப் பத்திரம் தரப்பட்டது. கற்பித்தவரும் சோதித்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், மேற்பார்வை அரசுடையது. பிரான்சில் இந்த ஏற்பாட்டை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. சிக்கல் கால்வாயைக் கடந்து இங்கிலாந்துக்கு வந்தபோதுதான் தொடங்கியது.

லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791இல் நிறுவப்பட்டது. லியோனில் பயின்ற பிரெஞ்சுக்காரரான சார்ல் வியால் த சான்பெல் அதன் முதல் பேராசிரியர். மூன்றாண்டுப் படிப்பு என்பது திட்டம். ஆனால் 1793 ஆகஸ்டில் சான்பெல் இறந்துவிட்டார். மாணவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தர இங்கிலாந்தில் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் என்று சொல்ல ஏறக்குறைய யாருமே இல்லை. அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரும் அவரைச் சார்ந்த மருத்துவர்களும் கைகொடுத்தார்கள். அப்படி அவசரத்தில் பிறந்ததுதான் மருத்துவத் தேர்வுக் குழு. ஆஸ்ட்லி கூப்பர் போன்ற லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்கள் அதில் அமர்ந்தார்கள்.

சான்பெல்லின் இடத்துக்கு இருவர் நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் வில்லியம் மூர்கிராஃப்ட், லியோனில் படித்துத் தேறிய முதல் ஆங்கிலேயர். அவர் விரைவிலேயே விலகிக்கொண்டார். பின்னாளில் 1808இல் வங்காளம் வந்து, பூசாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைப் பொறுப்பேற்று, கடைசியில் மத்திய ஆசியப் பயணத்தில் மடிந்தார். மற்றவர் எட்வர்ட் கோல்மன். மனித மருத்துவம் படித்தவர், விலங்கு மருத்துவப் பின்னணி பெரிதாக இல்லாதவர். அவர்தான் தங்கினார், 1839இல் இறக்கும்வரை.

கோல்மன் காலத்தில் படிப்பு சில மாதங்களாகச் சுருங்கியது. இதற்குச் சோம்பல் காரணமல்ல, போர்தான் காரணம். பிரான்சுடன் போரிட்ட குதிரைப் படைக்கு ரெஜிமெண்டுதோறும் கால்நடை மருத்துவர் தேவைப்பட்டார். கோல்மனே குதிரைப் படையின் தலைமைக் கால்நடை மருத்துவராகவும் ஆனார். இளைஞர்கள் வந்து கட்டணம் கட்டி, விரிவுரைகளைக் கேட்டு, குழுவின் முன் வாய்மொழியாகப் பதில் சொல்லிச் சான்றிதழோடு படைக்குப் போனார்கள். குழுவிலிருந்த மருத்துவர்களுக்கு உடற்கூறும் உடலியங்கியலும் அத்துப்படி. ஆனால் நொண்டும் குதிரையின் எந்தக் காலில் கோளாறு என்று கண்டுபிடிப்பதையோ, கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கு உதவுவதையோ அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? தாம் அறிந்ததைக் கேட்டார்கள். கேட்கப்படாததை மாணவர்கள் படிக்கவில்லை. குதிரையே பாடத்தின் மையமாக இருந்ததால் மாடும் ஆடும் பல ஆண்டுகள் ஓரத்தில் கிடந்தன. எந்தப் பாடத்திட்டத்தையும் உண்மையில் வகுப்பது அதன் கடைசித் தேர்வுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் இல்லை.

அந்தக் குறுகிய படிப்பில் தேறியவர்களில் ஒருவர் வில்லியம் டிக், எடின்பரோவில் லாடம் அடிப்பவரின் மகன். லண்டனில் ஏறத்தாழ மூன்று மாதம் பாடம் கேட்டு 1818இல் சான்றிதழ் பெற்றுத் திரும்பினார். லாடப்பட்டறையில் வளர்ந்தவருக்கு அந்த மூன்று மாதம் போதுமானதாக இருந்திருக்கலாம், மற்றவர்களுக்கு அல்ல. 1823இல் ஸ்காட்லாந்தின் ஹைலாண்டு சங்கத்தின் ஆதரவில் எடின்பரோவில் அவர் சொந்தமாக வகுப்புகளைத் தொடங்கினார். ஹைலாண்டு சங்கம் விவசாயிகளும் நிலவுடைமையாளர்களும் சேர்ந்தது. அதனால் அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடம் இருந்தது. மாணவர்களைச் சோதிக்க மருத்துவர்களோடு தொழிலில் இருந்தவர்களும் அழைக்கப்பட்டார்கள், சான்றிதழைச் சங்கம் கொடுத்தது. ஒரே நாட்டில் இரண்டு தேர்வுகள், இரண்டு சான்றிதழ்கள் என்ற நிலை இப்படி உருவானது.

தொழில் செய்துகொண்டிருந்த கால்நடை மருத்துவர்களின் மனக்குறை வேறு. தங்கள் தொழிலுக்குள் யார் நுழையலாம் என்பதை மனித மருத்துவர்கள் தீர்மானிப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தாமஸ் மேயர் என்பவரும் அவருடைய மகனும் முன்னின்று திரட்டிய முயற்சி 1844 மார்ச் 8ஆம் நாள் அரச சாசனமாகப் பலித்தது. கால்நடை அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி பிறந்தது. தாமஸ் டர்னர் அதன் முதல் தலைவர். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அங்கே வகுப்பறை கிடையாது. பாடம் சொல்லித் தருவது லண்டன், எடின்பரோ கல்லூரிகளின் வேலை. சோதித்து உறுப்பினராக ஏற்பது மட்டுமே ராயல் கல்லூரியின் வேலை. கற்பிப்பவரே மதிப்பெண் போடக்கூடாது என்ற கொள்கை இத்துறையில் இவ்வளவு தூய வடிவில் வேறெங்கும் நடைமுறைக்கு வந்ததாகச் சொல்ல முடியாது.

தொடக்கத்தில் அந்தத் தேர்வு படிப்பின் முடிவில் ஒரே முறை, பெரிதும் வாய்மொழியாக நடந்தது. உடற்கூறு, வேதியியல், மருந்தியல், நோயியல், மருத்துவம் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சுற்றில் பதில் சொல்லியாக வேண்டும். நாவன்மை உள்ளவர் தப்பித்துவிடுவார், கைத்தொழில் தெரிந்தும் பேச வராதவர் தோற்பார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எழுத்துத் தேர்வும், உயிருள்ள விலங்கை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் படிப்படியாகச் சேர்ந்தன. செய்முறையில் வேறொரு சங்கடம் வந்தது. ஒரு மாணவருக்கு யாரும் கண்டுபிடிக்கக்கூடிய நொண்டல் உள்ள குதிரை வாய்க்கும், அடுத்தவருக்குத் தேர்வாளர்களே கருத்து வேறுபடும் குதிரை வாய்க்கும். விலங்கைக் கொண்டு நடக்கும் தேர்வில் இந்தச் சீட்டுக் குலுக்கலை முழுதாக ஒழிக்க இன்றுவரை வழி காணப்படவில்லை.

1865இல் வெக்கை நோய் பிரிட்டனுக்குள் புகுந்து பெருவாரியாக மாடுகளைக் கொன்றது. மாட்டு மருத்துவம் அறிந்தவர்கள் எத்தனை குறைவு என்பதை நாடு அப்போதுதான் உணர்ந்தது. பாடமும் பெருகியது. அதனால் ஒற்றைத் தேர்வைத் துண்டு போட வேண்டியதாயிற்று. 1890களில் நான்காண்டுப் படிப்பு வந்தபோது ஆண்டுக்கொரு கட்டமாக நான்கு தேர்வுகள் வந்தன. முதல் கட்டத்தில் தேறாதவர் இரண்டாம் கட்டத்துக்குள் நுழைய முடியாது. மாணவரின் நினைவுச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் உடற்கூற்றைத் தேறிய மாணவர் அதை மறந்துவிட்டுக் கடைசி ஆண்டுக்குப் போகலாம் என்ற குறையும் உடன் வந்தது. கடைசிக் கட்டத் தேர்வாளர்கள் அறுவைச் சிகிச்சைக் கேள்விக்குள் உடற்கூற்றை மடித்து வைத்துக் கேட்டு அதைச் சரிக்கட்டினார்கள். கட்டங்களாகப் பிரித்தாலும் கடைசிக் கட்டம் எல்லாவற்றையும் தொட்டே தீரும் என்பது அப்போது நிலைபெற்ற நடைமுறை.

எடின்பரோவின் தனிச் சான்றிதழ் 1881 சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. அந்தச் சட்டம் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தி, அதில் இல்லாதவர் தம்மைக் கால்நடை அறுவை மருத்துவர் என்று அழைத்துக்கொள்வதைத் தடுத்தது. ராயல் கல்லூரியின் தேர்வே பிரிட்டன் முழுதுக்கும் ஒரே வாசல் ஆனது.

ஒரே வாசலாக இருந்தால் அதை அடைத்து வைப்பதும் எளிது. ஆலீன் கஸ்ட் வரலாறு அதைக் காட்டுகிறது. அயர்லாந்தின் டிப்பரரியில் 1868இல் பிறந்த அவர், 1894இல் எடின்பரோவில் வில்லியம் வில்லியம்ஸ் நடத்திய புதிய கால்நடைக் கல்லூரியில் வேறொரு குடும்பப் பெயரில் சேர்ந்தார். கல்லூரி அவரை ஏற்றது, பாடம் கற்பித்தது. 1897இல் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது ராயல் கல்லூரி மறுத்துவிட்டது. காரணம் அவர் பெண் என்பதே. எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போனார். ராயல் கல்லூரியின் இருப்பிடம் லண்டன், ஆகவே இங்கே வழக்கு நிற்காது என்றது தீர்ப்பு. படிப்பை முடித்த கஸ்ட், பட்டயம் இல்லாமலே அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியில் வில்லியம் பைர்ன் என்ற மருத்துவரின் உதவியாளராகப் பணியாற்றினார். பைர்ன் இறந்தபின் 1910இல் அந்தத் தொழிலைத் தாமே நடத்தினார். கால்வே மாவட்டக் கவுன்சில் 1905இல் அவரைக் கால்நடை ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்தபோதும் ராயல் கல்லூரி எதிர்த்தது. ஊர் மக்கள் அவரிடம் மாட்டை ஓட்டி வந்தார்கள். பதிவேடு மட்டும் அவரை அறியவில்லை. பாலினத் தடையை நீக்கும் சட்டம் 1919இல் வந்த பிறகு, 1922இல் இறுதித் தேர்வை எழுதித் தேறினார். அந்த டிசம்பரில் பட்டயம் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 54. தேர்வு அவருடைய அறிவில் எதையும் கூட்டவில்லை. இருபத்தைந்து ஆண்டு தாமதத்தை மட்டும் கூட்டியது.

ராயல் கல்லூரிக்கு அந்நாளில் தேர்வுக் கட்டணமே முக்கிய வருவாயாக இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் மாணவர்கள் குறைந்ததும் கருவூலம் காய்ந்தது. அதனால் 1920இல் சட்டத்தைத் திருத்தி, பதிவு பெற்றவர்கள் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். மாணவர்களின் பையில் இருந்து நடந்த நிறுவனம் உறுப்பினர்களின் பையை நாடியது.

படிப்பு 1930களில் ஐந்தாண்டானது. ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் உலகப் புகழ் பெற்ற ஆல்ஃபிரட் ஒயிட் 1933இல் கிளாஸ்கோ கல்லூரியில் சேர்ந்து 1939 டிசம்பரில்தான் தேறினார். இடையில் சில தேர்வுகளில் தவறியதால் ஆறாண்டுக்கு மேல் ஆயிற்று. பிற்பாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யார்க்‌ஷயர் பண்ணைகளில் தொழில் செய்தார். அரியர் வைத்த மாணவர் மோசமான மருத்துவர் ஆவார் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சியம் சொல்லாது.

பிரிட்டனின் கால்நடை மருத்துவக் கல்வியை ஆராய்ந்த லவ்டே குழு 1938இலும் 1944இலும் அளித்த அறிக்கைகள், அந்தக் கல்வி பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டும் என்றன. 1948 சட்டம் அதை நிறைவேற்றியது. பல்கலைக்கழகங்களே தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும், அந்தப் பட்டம் பதிவுக்குப் போதும் என்றானது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களை உருவாக்கிய ராயல் கல்லூரித் தேர்வு அத்துடன் பின்வாங்கியது. முழுதாக விலகவில்லை. பல்கலைக்கழகத் தேர்வுகளைப் பார்வையிட ஆட்களை அனுப்பும் உரிமையை வைத்துக்கொண்டது.

இந்தியாவுக்கு வந்தது இந்தப் பிரிட்டிஷ் மரபுதான், ஆனால் ஒரே வாசல் என்ற அம்சம் இல்லாமல். லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893 என்று கல்லூரிகள் எழுந்தன. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1ஆம் நாள் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சிறிய கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரியும் தனது பட்டயத்தைத் தானே வழங்கியது. சென்னையில் தேறியவர் ஜி.எம்.வி.சி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார், பம்பாயில் தேறியவர் ஜி.பி.வி.சி. என்று. அந்தப் பட்டயம் இந்தியாவில் மாகாண அரசுப் பணிக்குக் கதவைத் திறந்தது. உயர் பதவிகளுக்கு லண்டன் ராயல் கல்லூரியின் உறுப்பினர் தகுதியான எம்.ஆர்.சி.வி.எஸ். வேண்டியிருந்தது. அதற்காகக் கப்பலேறியவர்கள் ஏற்கெனவே படித்த பாடங்களையே மறுபடியும் வேறொரு தேர்வாளர் முன் ஒப்பிக்க வேண்டியிருந்தது. இங்கும் யார் கேட்டார்கள் என்பதற்குத்தான் மதிப்பு.

சென்னைக் கல்லூரி 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. இந்தியாவில் பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதுவே. பட்டயத்தின் இடத்தில் பி.வி.எஸ்சி. பட்டம் வந்தது. அதோடு பல்கலைக்கழகங்களுக்கு உரிய வெளித்தேர்வாளர் முறையும் வேரூன்றியது. வெளியூர்ப் பேராசிரியர் வந்து அமர்ந்து வைவா கேட்கும் நாளைக் குறித்த கிலி தலைமுறை தலைமுறையாக மாணவர் விடுதிகளில் தொடர்ந்து வந்திருக்கிறது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960இல் பந்த்நகரில் தொடங்கி இந்தியாவெங்கும் உருவான வேளாண் பல்கலைக்கழகங்கள், அமெரிக்க நிலக்கொடைக் கல்லூரிகளின் முறையைத் தழுவின. ஆண்டுக்கு ஒரு பெரிய தேர்வு என்பதற்குப் பதில் சிறு பருவங்கள், பாட அலகுகள், தொடர் மதிப்பீடு. பாடம் நடத்தும் ஆசிரியரே கேள்வித்தாள் எடுப்பார், அவரே திருத்துவார். சென்னைக் கல்லூரி 1976இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியே உருவானது. இந்தியாவில் இத்துறைக்கென்றே அமைந்த முதல் பல்கலைக்கழகம் அது. பருவமுறையில் மாணவர் ஆண்டு முழுதும் படித்துக்கொண்டே இருந்தார் என்பது நன்மை. ஒரு பாடம் முடிந்ததும் அதன் கதவு சாத்தப்பட்டது என்பது கேடு. மூன்று மாதத்தில் முடிந்த மருந்தியல், மருத்துவமனைக்குள் நுழையும்போது பழங்கதையாகிவிடும். 1844இல் பிரிட்டன் எந்த உறவை அறுத்ததோ, கற்பிப்பவரும் சோதிப்பவரும் ஒருவரே என்ற அந்த உறவு இங்கே மீண்டும் கூடியது.

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984இல் வந்தது. நாடு முழுதுக்கும் பொதுவான பதிவேடும் குறைந்தபட்சக் கல்வித் தரமும் அதன் நோக்கம். கவுன்சிலின் கல்வித் தர விதிகள் 1993, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. 2016 விதிகள் பட்டப் படிப்பை ஐந்தரை ஆண்டாக்கின: நான்கரை ஆண்டுப் பாடம், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. தேர்வு மீண்டும் ஆண்டுமுறைக்குத் திரும்பியது, வெளித்தேர்வாளரும் திரும்பினார். ஓராண்டுப் பாடத்தை மொத்தமாகச் சுமப்பது கடினம் என்று மாணவர்கள் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு. ஆனால் துறையின் இயல்பை எண்ணிப் பார்த்தால் அந்த மாற்றம் சரியானதே.

அமெரிக்கா இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அங்கே கல்லூரி எப்படி வேண்டுமானாலும் தேர்வு வைக்கலாம், பட்டம் தரலாம். தொழில் செய்வதற்கு உரிமம் தருவது மாநில வாரியம். அந்த உரிமத்துக்கான பொதுத் தேர்வு 2000ஆம் ஆண்டு இறுதியில் கணினிக்கு மாறியபோது, பழைய இரண்டு தேர்வுகள் ஒன்றாயின. 360 கேள்விகள். நாய், பூனை, குதிரை, மாடு, பன்றி, கோழி, உணவுப் பாதுகாப்பு என்று எல்லாம் கலந்து வரும். நகரத்தில் பூனை மருத்துவம் மட்டுமே பார்க்கப் போகிறவரும் கறவை மாட்டின் மடிவீக்கத்துக்கு விடை தர வேண்டும். செய்முறைத் திறனுக்கு அந்தத் தேர்வில் இடமில்லை என்பதால் அதைக் கல்லூரிகளே பார்த்துக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன் 1975இல் மனித மருத்துவ மாணவர்களுக்காக வெளியிட்ட நிலையச் சுற்று முறை, பின்னாளில் கால்நடைக் கல்லூரிகளுக்கும் பரவியது. மாணவர்கள் வரிசையாக நிலையம் மாறி நிலையம் போவார்கள், ஒவ்வொன்றிலும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் பட்டியல். தையல் போடுவதையும் ஊசி போடுவதையும் அதில் நியாயமாக அளக்கலாம். மூர்க்கமான காளையை அடக்கிப் பிடித்துச் சோதிக்கத் தெரியுமா என்பதை அளக்க முடியாது.

பிரிட்டனில் பழைய தேர்வின் எச்சம் ஒன்று மட்டும் மீந்திருக்கிறது. அங்கே அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுப் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர் பதிவு பெற விரும்பினால், ராயல் கல்லூரி நடத்தும் உறுப்பினர் தேர்வை எழுதித் தேற வேண்டும். வேப்பேரியில் பட்டம் பெற்றுப் பிரிட்டனில் தொழில் செய்யப் போகிறவருக்கும் அதே விதிதான்.